எம்பிலிப்பிட்டிய முடியட்டும்

கஹவத்தை பஸ் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வீதியோரம் எங்கள் கராஜ் இருந்தது. முன்பக்கம் என் தையல் மெஷின். பின்பக்கம் என் கணவரின் வெல்டிங் மெஷின். அவர் வெல்டிங்கைப் போட்டால் கரண்ட் இறங்கி என் மெஷின் மோட்டார் முனகும். "கொஞ்சம் பொறுங்க, இந்தக் கழுத்துப்பட்டிய முடிச்சுக்கிறேன்" என்று நான் கத்துவேன். அவரும் பொறுப்பார்.

அவர் றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பழகி, பிறகு டவுனுக்கு வந்து சொந்தமாகக் கராஜ் போட்டார். தோட்டத்து லொறிகள், பிள்ளைகளை ஏற்றும் ஸ்கூல் வேன்கள், டிராக்டர் பெட்டிகள், இவைதான் எங்களுக்குச் சோறு போட்டவை. வெல்டிங் செய்த இடம் விட்டுப்போனதாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஊரில் சிங்களவர், தமிழர் எல்லாரும் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். கைவேலை தெரிந்தவனுக்குச் சிங்களத்தில் அதுதான் மரியாதை.

தொண்ணூறுகளின் கடைசியில், குருவிட்டப் பக்கத்துச் சிங்கள மாணிக்கக்கல் முதலாளி ஒருவர், ஒரு காரை லொறியில் ஏற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். வெள்ளைக்கார துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம். பங்களா ஷெட்டில் பல வருடம் கோழிகள் அதில் முட்டையிட்டுக் கொண்டிருந்திருக்கின்றன. சீட்டைத் தூக்கியபோது இறகும் வைக்கோலுமாகக் கொட்டியது. அந்த சீட்டுக்குப் புது உறை தைத்தது நான்தான்.

முதலாளிக்கு ரேஸ் என்றால் உயிர். ஆனால் அவருடைய வயிறு ஸ்டியரிங்குக்குப் பின்னால் நுழையாது. அதைச் சொல்லி அவரே சிரிப்பார். வண்டி ஓடத் தொடங்கியதும் அதைக் காட்டுவதற்காக, என் கணவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோட்டத்து மலை ரோட்டில் ஏறி இறங்கினார். வளைவுக்கு வளைவு முதலாளி கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கராஜ் வாசலில் இறங்கியதும் சாரத்தை உதறிக்கொண்டு, தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "பாஸ், இனி நீங்க ஓட்டுறது. நான் பாக்குறது."

அப்படித்தான் என் கணவர் ரேஸ் ஓட்டக்காரர் ஆனார். எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அதற்கு முன்னால் ஒருவரும் அப்படிப் போனதாக எனக்குத் தெரியாது.

முதல் வருடம் சின்னச் சின்ன ஓட்டங்கள்தான். புல்வெளியில், செம்மண் தரையில். வேறு ஊர்க் கராஜ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். வண்டியின் அடிச்சட்டத்தை, நாங்கள் செசி என்போமே, அதை முதலில் பலப்படுத்துங்கள், இரும்புப் பட்டை வைத்து மூலைக்கு மூலை வெல்ட் பண்ணுங்கள், மற்றதெல்லாம் பிறகு. முதலாளிக்கும் பயம் பிடித்துக்கொண்டது. என் கணவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளியை அவர் 'மஹத்தயா', ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

"இப்ப செஞ்சா வீண் வேலைங்க மஹத்தயா. இந்த டயர்ல வண்டி வழுக்கிக்கிட்டு ஓடுது. வழுக்குறப்ப பாரமெல்லாம் மண்ணோட போயிருது. செசிக்கு ஒரு வேலையும் இல்ல. இப்பவே பட்டை வச்சு அடைச்சா வண்டி கனத்துப் போயிரும், அவ்வளவுதான்."

"அப்ப எப்ப செய்யுறது?"

"புது டயர், கெட்டி ஸ்பிரிங் எல்லாம் போட்டு, வண்டி ரோட்டைப் புடிக்க ஆரம்பிச்சதும். அப்பதான் முறுக்கு செசிக்கு வரும். வண்டியே காட்டிக் குடுக்கும்."

எப்படிக் காட்டும் என்று நான் கேட்டேன். அவர் வண்டியின் பின்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜெக் போட்டுத் தூக்கினார். பிறகு கதவைத் திறந்து மூடச் சொன்னார். இரண்டு விரலால் தள்ளினேன், 'டக்' என்று மூடிக்கொண்டது. "இப்படித் தூக்குனாலும் கதவு நேரா மூடுதா, அப்ப செசி வளையல. மூடாம இடிச்சா, அன்னைக்கே வண்டிய நிறுத்தி செசி வேலைய செஞ்சிரணும், தள்ளிப் போடக்கூடாது" என்றார். கூரையில்லாத வண்டிக்கு அடிச்சட்டம் மட்டும்தான் முதுகெலும்பு, அது முறுகினால் முதலில் கதவு ஓரத்தில்தான் தெரியும் என்றும் சொன்னார். அந்த வருடம் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அப்படிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கதவு நன்றாகவே மூடியது. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதை இன்றைக்கும் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததை மட்டும் கேட்டால் அவரை விவரம் இல்லாதவர் என்று நினைக்கத் தோன்றும்.

ஓடவிட்டுப் பார்க்கும்போது பக்கத்து சீட்டில் பாரம் வேண்டும். அதற்கு என்னைத்தான் ஏற்றிக்கொள்வார். "அரிசி மூட்டைய வச்சுக்கங்களேன்" என்பேன். "மூட்டைக்குப் பேசத் தெரியாதே" என்பார். தோட்டத்து ரோட்டில் நாங்கள் போகும்போது பால் வாளியோடு வரும் பெண்கள் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தலையில் முக்காட்டை இறுக்கக் கட்டிக்கொண்டு, வெட்கமும் பெருமையுமாக உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களைப் போல நாங்கள் அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாம் வருடம் முதலாளி கொழும்பிலிருந்து நல்ல டயர்களும் கெட்டி ஸ்பிரிங்குகளும் கொண்டுவந்தார். மாட்டியதும் வண்டியின் குணமே மாறிவிட்டது. வளைவில் வழுக்காமல் ரோட்டைக் கடித்துக்கொண்டு திரும்பியது. என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அதே நேரத்தில்தான் எம்பிலிப்பிட்டியவில் பெரிய ஓட்டம் ஒன்று நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. அவ்வளவு பக்கத்தில் ஒரு பெரிய ரேஸ் அதுவரை நடந்ததில்லை. தோட்டத்து ஆட்கள் லொறி பிடித்து வந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

லயத்தில் வேறு பேச்சே இல்லை. என் மாமனார் காலமெல்லாம் றப்பர் பால் வெட்டியவர். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜுக்கு வந்து, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் முன்னாடி நீதான் போவியாப்பா?" என்று மட்டும் கேட்டார். "பாப்போம்பா" என்றார் இவர். மாமனார் மடியிலிருந்து கோயில் திருநீற்றை எடுத்து பொனட்டில் பூசிவிட்டுப் போனார். மழையில் அது கரைந்து போகும்வரை இவர் அந்த இடத்தைத் துடைக்கவில்லை.

ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, வழக்கம்போல மலை ரோட்டில் போய்விட்டு வந்தோம். நான் இறங்கிக் கதவைத் தள்ளினேன். மூடவில்லை. இன்னொரு முறை தள்ளினேன். கீழ்ப்பக்கம் உரசிக்கொண்டு நின்றது. கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அழுத்தியபோதுதான் மூடியது.

"என்னங்க, கதவு இடிக்குது."

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார். கதவு இடுக்கில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். மேலே இடைவெளி அகலம், கீழே ஒன்றுமே இல்லை. பாயை விரித்து வண்டிக்கு அடியில் போனார். வெகு நேரம் கழித்து அங்கிருந்து, "டோர்ச்ச குடு" என்றார். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு. அதன் ஓரத்தில் துருக் கசிவு. குனிந்து நானும் பார்த்தேன்.

"வந்திருச்சு" என்றார். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. வருவார் என்று தெரிந்த விருந்தாளி வந்ததுபோலச் சொன்னார்.

அன்று பின்னேரமே முதலாளி வந்தார். என் கணவர் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் காட்டினார். சரியாகச் செய்வதென்றால் மேல்கூட்டை, அதாவது பாடியை, முழுக்கக் கழற்றவேண்டும், செசியை நேராக்கிப் பட்டை வைக்கவேண்டும், இந்த மழைக்காலத்தில் அது ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும் என்றார். அப்படியென்றால் எம்பிலிப்பிட்டிய இல்லை.

முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "பாஸ், வண்டி என்னோடது. உசுரு உங்களோடது. நீங்க சொல்லுறதுதான்."

நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன், கால் மிதிக்கவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைப் பார்த்தார். வெளியே பார்த்தார். தோட்டத்து பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து தெரிந்த முகம் ஒன்று இவரைப் பார்த்து, "என்னா பாஸ், ரேஸுக்கு லொறி பேசியாச்சு!" என்று கையைக் காட்டிவிட்டுப் போனது.

"எம்பிலிப்பிட்டிய முடியட்டும். அதுவரைக்கும் இந்த வெடிப்புக்கு மட்டும் ஒரு பட்டை வைக்கிறேன். தாங்கும். முடிஞ்ச கையோட முழுசா பிரிச்சிருவோம்" என்றார்.

அந்தப் பட்டையை அவர் வைத்ததை நான் பார்த்தேன். அவசர வேலை இல்லை. வெடிப்பின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, சுரண்டி, நிதானமாக வெல்ட் பண்ணி, பெயின்ட் அடித்தார். அந்த இடம் உண்மையிலேயே தாங்கியது. கடைசிவரை அங்கே ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் பக்கம் மழை பெய்தாலும் எம்பிலிப்பிட்டிய காய்ந்து கிடந்தது. வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை, நெருப்பு. செம்மண் புழுதி கண்ணை மறைத்தது. தோட்டத்து ஆட்கள் கயிற்றுக்குப் பின்னால் ஒரு பக்கமாகக் கூடி நின்றார்கள். மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டோடு முன்னால் நின்றார். லவுட்ஸ்பீக்கரில் சிங்களத்தில் ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிக்கொண்டு வந்து, கஹவத்தை என்றதும் எங்கள் பக்கம் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நன்றாக ஓட்டினார். அதை நான் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை. பின்னால் தொடங்கி ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி, முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது இரண்டாவதாக வந்திருந்தார். முன்னால் போன வண்டிக்கும் இவருக்கும் நடுவில் புழுதி மட்டும்தான். ஏரிப் பக்கத்து வளைவில் இரண்டு வண்டியும் சேர்ந்து திரும்பின. முன் வண்டி திரும்பிவிட்டது. எங்கள் வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக எங்கேயோ போவதுபோல இழுத்தது. அப்படி ஒரு வண்டி போய் நான் பார்த்ததில்லை. மண்மேட்டில் ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

நான் எப்படிக் கயிற்றைத் தாண்டி ஓடினேன் என்று தெரியாது. அவர் நினைவோடுதான் இருந்தார். வலது கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. தோள் எலும்பு தள்ளிக்கொண்டிருந்தது. ஆட்கள் அவரைத் தூக்கும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அடியில பாரு" என்றார்.

சாய்ந்து கிடந்த வண்டியின் அடிப்பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது. ஆனால் எதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கும், மூச்சு வாங்க ஓடிவந்த முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும். புதுப் பட்டை அப்படியே இருந்தது. அது முடிகிற இடத்தில், பழைய இரும்பு கிழிந்து வாய் பிளந்திருந்தது. ஸ்பிரிங் இடம் மாறியிருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி வண்டியை மூடினார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முதலாளி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பாஸ், வெளிய எல்லாம் கேக்குறாங்க. நான் சொல்லுறேன், செசி ஒடஞ்சது, ஓட்டுனது பிழை இல்ல."

"எபா மஹத்தயா" என்றார் இவர். வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னவர், பிறகு தமிழிலேயே பேசினார். "செசி ஒடைஞ்சதுன்னு தெரிஞ்சா, யாரு வெல்ட் பண்ணுனதுன்னு அடுத்து கேப்பாங்க. நாளைக்கு எந்த வேன்காரன் புள்ளைங்கள ஏத்துற வண்டிய எங்கிட்ட வுடுவான்? ஓட்டத் தெரியாம அடிச்சிட்டான்னு நெனச்சுக்கட்டும். ஓட்டுறது எனக்கு சோறு போடல."

"நீங்க நல்லா ஓட்டுனீங்க" என்றேன் நான்.

"அது உனக்குத் தெரியும்ல" என்றார்.

எங்கள் ஊரில் தமிழர் நாங்கள் கொஞ்சப் பேர். போர் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் கராஜைப் பற்றித் தப்பான ஒரு பேச்சு கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் அவர் மனதில் இருந்திருக்கும். முதலாளி தலையாட்டினார். கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

மாமனார் வந்தார். லொறியில் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் மட்டும் நின்றுவிட்டார். மகனுடைய காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் கேட்டார்: "கை தவறிருச்சாப்பா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாப்பா. தவறிருச்சு" என்றார்.

"உசுரு இருக்குல்ல, வுடு" என்றார் மாமனார். ஆனால் அவர் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். தோட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல வண்டியைக் கொடுத்தும் ஓட்டத் தெரியவில்லை, கிட்டே வந்து கெடுத்துக்கொண்டான் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினார்கள். மாமனார் அதற்குப் பதில் சொன்னதில்லை. மகன் ரேஸ் ஓட்டிய கதையை அவர் அதற்குப் பிறகு எடுத்ததும் இல்லை.

எலும்பு கூடியதும், இவர் அந்தக் காரை முழுதாகப் பிரித்தார். மழைக்காலம் முழுக்க மேல்கூடு ஒரு பக்கம், செசி ஒரு பக்கமாகக் கிடந்தது. ஒவ்வொரு மூலையையும் அளந்து, நேராக்கி, நீளப் பட்டை வைத்து, ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் இரட்டைத் தகடு போட்டுச் செய்தார். ஒரு இடத்தில் மட்டும் பலம் வைத்தால் அது அடுத்த இடத்தை ஒடிக்கும், பாரத்தை வண்டி முழுக்கப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்வதுபோல என்னிடம் சொன்னார். அவ்வளவு அழகான வேலையை அவர் வேறு எதற்கும் செய்யவில்லை. எம்பிலிப்பிட்டியவுக்கு முன்னால் வந்த மழைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. அப்போதும் இதே கை, இதே இரும்புதான் இருந்தன.

வேலை முடிந்த அன்று, கடைசியாக என்னை ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் போனார். வண்டி ஒரு கட்டையில் குடைந்தெடுத்ததுபோல, ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. இறங்கிக் கதவைத் தள்ளினேன். இரண்டு விரலுக்கே மூடியது. நான் அவரைப் பார்க்கவில்லை.

முதலாளி திரும்பவும் ஓட்டச் சொன்னார். இவர் மறுத்துவிட்டார். "நான் ஓட்டுனா உங்களப் பாத்துத்தான் சிரிப்பாங்க மஹத்தயா" என்றார். இரத்தினபுரிக்காரர் ஒருவர் அதை ஓட்டினார். நல்ல மனிதர். ஓட்டத்துக்கு ஓட்டம் ஜெயித்தார், அவர் பெயர் பத்திரிகையில் வந்தது. செசி ஒருநாளும் அசையவில்லை. இவர் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "அந்த ஏரி வளைவுல கொஞ்சம் சீக்கிரம் பிரேக் புடிக்கிறாரு" என்றார். அதற்குப் பிறகு போகவில்லை. ரேஸ் வேலை கொண்டு வந்தவர்களையும் வேறு கராஜுக்கு அனுப்பிவிட்டார்.

மாமனார் அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

போர் முடிந்த வருடம் முதலாளியும் போய்விட்டார். குருவிட்டவில் வெள்ளைக் கொடி கட்டிய அவர் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். பழைய ரேஸ்காரர்கள் சிலர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் நரைத்த தலைக்காரர் ஒருவர் இவரை உற்றுப் பார்த்து, சிங்களத்தில் கேட்டார்: "நீங்கதானே எம்பிலிப்பிட்டியவில அந்தக் காரைக் கவிழ்த்தது?" கேலியாகக் கேட்கவில்லை. பழைய ஆளைக் கண்ட சந்தோஷத்தில்தான் கேட்டார்.

"ஓவ், நான்தான்" என்று சிங்களத்திலேயே ஒத்துக்கொண்டு சிரித்தார் இவர்.

"பாவம் அந்த மனுஷன், நல்ல வண்டி" என்று அவர் முதலாளி கிடந்த அறைப் பக்கம் தலையை அசைத்தார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. உண்மை தெரிந்த மூன்று பேரில் ஒருவர் உள்ளே பெட்டியில் கிடந்தார். இப்போது சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? இவர் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரத்தினபுரி தாண்டி, பெல்மடுல்லைக்குக் கிட்டே, அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "அந்த ஒரு ரேஸ வுட்டிருக்கலாம். ஒரு மாசம். வண்டி சொல்லிருச்சு, நான்தான் கேக்கல."

இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவர் கையைப் பிடித்தேன். மழை நாளில் இன்னும் வலிக்கிற அந்த மணிக்கட்டைத்தான் பிடித்தேன்.

"ரேஸு போனா போகுது" என்றார். "அப்பாகிட்டயாவது சொல்லிருக்கலாம்."

"மாமாவுக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுதான் இருந்திருக்கும்ங்க" என்றேன்.

அது பொய். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் தலையாட்டினார்.